பந்திக்கும் வாளிக்கும் நடுவில்

பொன்னமராவதிப் பேருந்து நிலையத்துக்கு என்னை அழைத்துப்போக வந்த கருப்பையாவுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "வாங்க..." என்று ஆரம்பித்தார். அடுத்த சொல்லை அப்படியே விழுங்கிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அண்ணே என்றால் நான் பங்காளி. மச்சான் என்றால் சம்பந்தி. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் பினாங்கிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தேன்.

பேருந்திலேயே என்னை விசாரித்து முடித்திருந்தார்கள். திருச்சியில் ஏறியபோது பெட்டிக்கு இடமில்லாமல் நடுவழியில் நிறுத்தி வைத்தேன். பூக்கூடையோடு ஏறிய ஓர் அம்மா "ஒடையாதுல்ல?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். இறங்குவதற்குள் என் சம்பளம், மனைவியின் முழங்கால் வலி, மகளின் வயது எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. பினாங்கில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதில் பாதிகூடத் தெரியாது.

"எந்த ஊரு?" என்றார் கடைசியாக.

"மலேசியாங்க."

"அது பேச்சுலயே தெரியுது. ஊரு எது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாததால்தான் என் மகளின் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். என் மகள் யாழினியும் கருப்பையாவின் மகன் பிரபுவும் பினாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்கள். இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. இரண்டு வீட்டிலும் மறுப்பில்லை. நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற நேரத்தில் கருப்பையா தொலைபேசியில் கேட்டார், "ஒங்க குலசாமி எதுங்க?" நான் திருதிருவென விழித்தேன். என் பாட்டனார் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அங்கே தோட்டத்து மாரியம்மன்தான் எல்லாருக்கும் சாமி. எங்கள் வீட்டுக்கு வாழ வந்த பெண்கள் தாங்கள் பிறந்த வீட்டைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். அதனால் எங்களுக்குப் பெண் வந்த இடங்களும் தெரியும், பெண் போன இடங்களும் தெரியும். ஆண்கள் தங்கள் இடத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தே செத்துப்போனார்கள்.

நான் ஒரு பேரங்காடி நிறுவனத்தில் வாடிக்கையாளர்களைக் கொத்துக் கொத்தாகப் பிரிக்கும் வேலை பார்ப்பவன். ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாக வைப்போம். ஒரே மாதிரிப் பொருள் வாங்குகிறவர்களுக்கு நடுவே ஒரு கோடு இழுப்போம். கோடுகள் நெருக்கமாக விழுந்த இடம் ஒரு கொத்து. மெலிந்த இடத்தில் கத்தரித்துவிடலாம். பாலும் குழந்தைத் துணியும் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், சாக்லெட்டும் பேட்டரியும் வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம் என்று கணினி தானாகவே பிரித்து ஆளுக்கொரு நிறம் பூசிக் கொடுத்துவிடும். இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த வித்தையைக் கல்யாணங்களின் மேல் காட்டினேன். ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. பெண் கொடுத்தோ எடுத்தோ இருந்தால் ஒரு கோடு. பிரபு தன் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டுக் கேட்டு அனுப்பினான். நான் மலேசியாவில் எங்கள் பக்கத்தைச் சேர்த்தேன். படம் அழகாக வந்தது. எங்கள் வீடும் கருப்பையா வீடும் ஒரே பச்சைக் கொத்துக்குள் இருந்தன. மகிழ்ச்சியில் அதை பிரபுவுக்கு அனுப்பினேன், அவன் அப்பாவுக்கு அனுப்பினான். மறுநாளே நிச்சயம் நின்றது.

"ஒரே கலர்னா பங்காளிதானங்க?" என்றார் கருப்பையா தொலைபேசியில். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "அண்ணன் மகனுக்கும் தம்பி மகளுக்குமா கல்யாணம் பண்றது? எங்க வகையறாவுலயும் மலாயாவுக்குப் போயித் திரும்பாதவரு ஒருத்தரு இருக்காருங்க."

நான் அனுப்பிய படமே என் மகளுக்கு வினையாக வந்து நின்றது. அதைச் சரிசெய்ய நானே போவதுதான் முறை என்று கிளம்பினேன்.

கருப்பையாவின் ஊர் பொன்னமராவதிக்கு மேற்கே. உரக்கடை வைத்திருக்கிறார், கொஞ்சம் வயலும் உண்டு. அவர் மனைவி மீனாட்சி வாசலில் நின்று "வாங்க" என்று சொல்லி, அவரும் அடுத்த சொல்லை விழுங்கினார். கணவனுக்கு நான் மச்சான் என்றால் இவருக்கு அண்ணன் முறை. பங்காளி என்றால் வேறு முறை. பாவம், மாட்டிக்கொண்டு "இங்கிட்டு உக்காருங்க, ஃபேனுக்குக் கீழ" என்றார்.

இரவுச் சாப்பாடு இட்லியும் நாட்டுக்கோழிக் குழம்பும். குழம்பில் மிளகு தூக்கலாக இருந்தது. பினாங்கில் எல்லாக் குழம்பிலும் தேங்காய்ப்பாலை ஊற்றி நாக்கைத் தாலாட்டி வைத்திருக்கிறார்கள் என்பது இங்கே முதல் வாயிலேயே தெரிந்தது. கண்ணில் நீர் வர, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை வாங்கினேன். பக்கத்தில் வைத்த சுரைக்காய்க் கூட்டை மட்டும் மெல்ல ஓரம் தள்ளினேன்.

"ஏங்க, நல்லா இல்லையா?" என்றார் மீனாட்சி.

"ஐயோ, அப்படி இல்லீங்க. சின்னப் பிள்ளையிலேருந்து எங்க வீட்டுல இந்தக் காயைச் சமைக்க மாட்டாங்க. பழக்கமில்ல."

"பந்தல்ல காய்ச்சுத் தொங்குது. இதத்தான் இந்த வாரம் முழுக்கச் சமைக்கணும்" என்றார். முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. கருப்பையா என் பங்கையும் எடுத்துத் தின்று நிலைமையைச் சமாளித்தார்.

மறுநாள் காலை பால் நிறைய ஊற்றிய காப்பியோடு மாடியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். என் கணினி நிரலில் ஓர் எண் இருக்கிறது. எத்தனை கொத்து வேண்டும் என்று நாம்தான் அதில் சொல்ல வேண்டும். பினாங்கில் நான்கு என்று கொடுத்திருந்தேன். சும்மா ஏழு என்று மாற்றிப் பார்த்தேன். பச்சை இரண்டாக உடைந்தது. கருப்பையா வீடு பச்சையாகவே இருக்க, எங்கள் வீடு நீலமாகிவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து யாழினி கூப்பிட்டாள். சொன்னேன்.

"அப்பா, அதையே காட்டிருங்கப்பா. பொய் இல்லதானே?"

பொய் இல்லைதான். கணினி போட்ட படம். ஆனால் எண்ணைப் போட்டது நான். மகளின் குரலில் ஆசை தெரிந்தது. பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கருப்பையா கடையைப் பாதி மூடிவிட்டு வந்தார். பெரிய தொலைக்காட்சியில் படத்தைப் போட்டேன். முதலில் நான்கு, பிறகு ஏழு. இரண்டையும் காட்டினேன். வேறு மாதிரிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

வெகுநேரம் பார்த்தார். "அப்ப கலரு ஒங்க கையிலதான் இருக்கா?"

"ஒரு அளவுக்கு, ஆமாங்க."

"பெறகு எதுக்கு மெசினு?"

என்னிடம் இதைப் பல மேலாளர்கள் கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை. தொழிலில் சொல்லும் பதில்கள் வாய் வரை வந்தன. மகளின் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அவற்றைச் சொல்ல முடியாது. 

"ரெண்டையும் காட்டுனீங்க பாருங்க. அதுல எனக்குச் சந்தோசம்" என்று எழுந்தார். "நாளைக்கு எங்க பங்காளி வீட்ல காதுகுத்து. நீங்களும் வாங்க. இங்க ஒத்தையா ஒக்காந்து என்ன பண்ணப் போறீங்க." கடைக்குப் போய்விட்டார். அன்று மதியமும் சுரைக்காய். பொரியல்.

காதுகுத்துக்குக் கருப்பையாவின் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். பாதியில் பின் டயர் போயிற்று. பஞ்சர் கடைக்காரரும் அதே காதுகுத்துக்குத்தான் போயிருந்தார். வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். பினாங்கில் இந்நேரம் ஒரு மழை அடித்திருக்கும். இங்கே வானம் வெறிச்சென்று கிடந்தது. புழுக்கம் இல்லாத வெயில் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கருப்பையாதான் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு முன்னால் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். பந்தி ஓடிக்கொண்டிருந்தது. பங்காளிகள் வேட்டியை மடித்துக்கட்டி, வாளியும் கரண்டியுமாக ஓடினார்கள். கருப்பையா போனதும் போகாததுமாகச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ஒரு வாளியைத் தூக்கினார். மாமன் மச்சான்கள் இலை முன்னால் உட்கார்ந்து அதிகாரம் செய்தார்கள்.

"என்ன மாப்ள, ரசத்துல என் மொகம் தெரியுதே!"

"ஒங்க மொகத்தப் பாக்கத்தான் தெளிவா வச்சோம் மாமா!"

ஒவ்வோர் இலைக்கும் இப்படி ஒரு கேலி. கேலி செய்யாவிட்டால்தான் அங்கே மரியாதைக் குறைவு போலிருந்தது.

எனக்குத்தான் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. ஒருவர் வந்து என் கையில் கூட்டு வாளியைக் கொடுத்தார். கருப்பையா ஓடிவந்து, "இருக்கட்டும், அவுக விருந்தாளி" என்று வாங்கிக்கொண்டார். சரி என்று ஓர் இலைக்கு முன்னால் உட்காரப் போனேன். இலை போட்டவர் கருப்பையாவைப் பார்த்தார். கருப்பையா என்னைப் பார்த்தார். இந்த வரிசையில் உட்கார்ந்துவிட்டால் நான் மச்சான்தான் என்று ஊருக்கே சொன்னதாகிவிடும். "கொஞ்சம் பொறுங்க... அடுத்த பந்தியில..." என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அடுத்த பந்தியிலும் அதே கதை. கடைசியில் தண்ணீர் டிரம் பக்கத்தில் போய் நின்றேன்.

அவமானமாக இருந்தது என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. இவ்வளவு பேரில் எனக்கு மட்டும் கையில் வாளியும் இல்லை, முன்னால் இலையும் இல்லை என்பது உறுத்தியது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்னைவிட அவர்தான் அதிகமாகச் சங்கடப்பட்டார்.

வேலையில்லாமல் நிற்பவனுக்கு வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. வாளி தூக்குகிறவர்களைப் பார்த்தேன். இத்தனை பேருக்குள் ஒரே ஒரு கல்யாணம்கூட நடந்திருக்காது. நடக்கவும் கூடாது. என் படத்தில் இவர்கள் யாருக்கும் யாரோடும் கோடு கிடையாது. ஆனால் இவர்கள் எல்லாரும் பரிமாறுவது ஒரே ஆட்களுக்கு. இவருக்கு மாமன் வீடு எதுவோ, அதுதான் அவருக்கும் மாமன் வீடு. விருந்தாளிகள்தான் இவர்களை ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள்.

எனக்குச் சுருக்கென்று உறைத்தது. பேரங்காடியில் கோடு என்றால் ஒற்றுமை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கோடு நெருங்கிய இடத்தையெல்லாம் ஒரு கொத்து என்று பச்சை பூசிவிட்டேன். இங்கே கோடு என்பது கல்யாணம். வாளி தூக்குகிறவரிடமிருந்து இலைக்கு முன்னால் இருப்பவருக்குப் போவது அது. நான் பச்சை பூசியது இந்தப் பந்தல் முழுவதற்கும்! பந்தலுக்குள் இருக்கிறேன் என்று மட்டும்தான் அந்தப் படம் சொன்னது. வாளிப் பக்கமா இலைப் பக்கமா என்று அது சொல்லவே இல்லை. எண்ணை ஏழாக்கினாலும் பதினேழாக்கினாலும் சொல்லாது.

மைக்செட்காரரும் நானும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆட்டுக்கறிக் குழம்பு பிரமாதம். இரண்டு பேருக்குமே முறை தெரியாததால் யாரும் எங்களைக் கேலி செய்யவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் மாடியில் உட்கார்ந்து கோடு போடும் விதியை மாற்றினேன். இரண்டு வீடுகளுக்குப் பொதுவான சம்பந்த வீடுகள் இருந்தால் அவற்றுக்கு நடுவே ஒரு கோடு. பொதுவானவை கூடக் கூடக் கோடு தடிக்கும். அந்த இரண்டு வீடுகளுக்குள்ளேயே கல்யாணம் நடந்திருந்தால் கோடே கிடையாது. இந்தப் புதிய கோடுகளை வைத்துப் பழையபடி கத்தரிக்கச் சொன்னேன்.

கருப்பையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த முறை நிறத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "இது எங்க ஆளுக... இவன் இன்னைக்குச் சாம்பார் வாளி... இவனும் எங்க ஆளு... இங்க இருக்கது பூராம் மாமன் மச்சான்." குரலில் ஆச்சரியம். "ஒருத்தன்கூட மாறி ஒக்காரலையே!"

"என் வீடு எங்க இருக்குன்னு பாருங்க" என்றேன். 

என் வீட்டுக்கு இந்த நாட்டில் இருந்ததாகத் தெரிந்த சம்பந்தங்கள் மூன்றே. பாட்டனாரின் தாயார் பிறந்த வீடு, பாட்டனாருக்குப் பெண் கொடுத்த வீடு, அவர் தங்கையைக் கட்டிக்கொண்ட வீடு. அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு வகையறா இருந்தது. ஆலடிக் கருப்பரைக் கும்பிடுகிறவர்கள். மூன்று வீடுகளும் அவர்களுக்கும் சம்பந்த வீடுகள். கணினி என்னை அவர்களோடு சேர்த்திருந்தது. ஆனால் அந்த மூன்றில் இரண்டு, கருப்பையா வகையறாவுக்கும் சம்பந்த வீடுகள்.

"எங்க பக்கம் ரெண்டு. அங்கிட்டு மூணு" என்றார் கருப்பையா. "ஒண்ணுதான வித்தியாசம்."

"ஆமாங்க. சத்தியம் பண்ணிச் சொல்ற அளவுக்கு இல்ல. சாயுது, அவ்வளவுதான்."

கருப்பையா அன்னவாசல் பெயர்களின் மேல் மறுபடி விரலை வைத்தார். "அன்னவாசல் ஆளுகளுக்குத்தான் எங்க சின்னத்தையக் குடுத்துருக்கு. அவுக எங்களுக்கு மச்சான் மொறை. நீங்க அவுக ஆளுன்னா எல்லாம் சரியாப் போயிரும். நாளைக்கு நேர்லயே போயிப் பாத்துருவோம்."

வெறுங்கையோடு போகக் கூடாது என்று மீனாட்சி ஒரு கட்டைப்பை நிறையத் தோட்டத்துக் காய்களைக் கட்டிக் கொடுத்தார். கத்தரி, வெண்டை, எல்லாவற்றுக்கும் மேலே குழந்தை அளவுக்கு ஒரு சுரைக்காய். "நீங்கதான் தொட மாட்டேங்கிறீங்க. அவுகளாச்சும் தின்னட்டும்" என்றார் என்னிடம்.

பேருந்தில் நிற்க மட்டுமே இடம் இருந்தது. உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் கட்டைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கேட்காமலே மூட்டையை வாங்கிக்கொள்ளும் இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் ஊரில் பிறர் பையைத் தொட்டால் போலீஸ் வரும். பாதி வழியில் வண்டி புகை விட்டு நின்றது. எல்லாரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்றோம். சுரைக்காயைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து நடத்துநர், "வளைகாப்புக்கா சார் போறீங்க?" என்றார். கருப்பையாவுக்கு உதடு துடித்தது. என்னமோ சொல்ல வாயெடுத்தவர் அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். கேலி செய்யும் உரிமை தனக்கு உண்டா என்று தெரியாததால் அந்த நல்ல கேலியை அவர் வீணாக்கியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

கருப்பையாவின் சின்னத்தை வாக்கப்பட்ட வீட்டில் இப்போது அந்தச் சின்னத்தையின் மகன் சுப்பையா இருக்கிறார், அரிசி ஆலை நடத்துகிறார். நாங்கள் போனபோது ஆலையில் இருந்தார். அவர் மனைவி சுமதி எங்களை வரவேற்றார். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர், அன்று விடுப்பு. தண்ணீர் கொடுத்துவிட்டு, கட்டைப்பையை வாங்கித் திறந்தவர், சூடு பட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

"ஐயோ, தப்பா நெனச்சுக்காதீங்க. மத்ததெல்லாம் எடுத்துக்கிறேன். இந்தச் சொரக்காய் மட்டும் எங்க வீட்டுக்கு ஆகாதுங்க."

"ஆகாதுன்னா?" என்றார் கருப்பையா.

"இந்த வகையறாவுல யாரும் தொட மாட்டாங்க. ஏன்னெல்லாம் எனக்குத் தெரியாது. நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல மொதமொதல்ல சொரக்காப் பொரியல்தான் வச்சேன். வீடே எந்திரிச்சு நின்னுருச்சு. எங்க அத்தை பாத்திரத்தையே தூக்கி வெளிய வச்சுட்டாங்க."

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. தோட்டத்து வீட்டில் ஒருமுறை சீனத்து அண்டை வீட்டார் ஆசையாகக் கொடுத்த சுரைக்காயை என் அப்பா இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, கதவை மூடியதும் அப்படியே பின்வாசல் வழியாகக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டார். அப்பாவுக்குப் பிடிக்காது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

கருப்பையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களும் நாலு நாளா அதத்தானங்க ஒதுக்குறீங்க?"

"ஆமாங்க."

"நான் ஒங்க பங்கையும் சேத்துல்ல தின்னேன்!"

சுப்பையா வந்ததும் மூவரும் எல்லாவற்றையும் கொட்டினோம். கப்பலேறிப் போனவர் ஒருவர் தங்கள் வகையறாவிலும் உண்டு என்றார் அவர். இந்தச் சீமையில் எந்த ஊரில் கேட்டாலும் அப்படி ஒருவர் உண்டு என்பதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. "ஒரு காய வச்சுப் பங்காளின்னு சொல்லிற முடியுமாங்க?" என்று அவர் தயங்கினார். நியாயமான கேள்வி. என் கணினியும் சாய்கிறது, காயும் சாய்கிறது, அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது என்றேன்.

கருப்பையாதான் முடித்து வைத்தார். "அவரு ஒங்க ஆளா இல்லையாங்கிறத நீங்க மெதுவாப் பாத்துக்கங்க. எனக்கு வேண்டியது எங்க ஆளு இல்லங்கிறதுதான். எங்க வகையறாவுல சொரக்காய வேணாம்னு சொன்னவன் எவனும் இல்ல. மூணு சம்பந்தமும் இங்கிட்டுத்தான் இருக்கு. எனக்கு இது போதும்."

சுப்பையா எங்களைத் தங்கள் கோயிலுக்கு அழைத்துப்போனார். ஆலமரத்தடியில் கருப்பர் பெரிய அரிவாளோடு நின்றார். கூரை இல்லை. சுப்பையா திருநீறு எடுத்துக் கொடுத்தார். என் பாட்டனார் இந்த இடத்தில் நின்றிருக்கலாம். நிற்காமலும் இருந்திருக்கலாம். எனக்குக் கண் கலங்கியது. இவ்வளவு தூரம் கணக்குப் போட்டு வந்து சேர்ந்த ஓர் இடத்தில் கும்பிடுவதற்குக் கை தானாகவே குவிந்தது என்பதை நான் வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

திரும்பி வருவதற்குள் சுப்பையாவின் பங்காளிகள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கூடத்தில் இலை போட்டார்கள். கருப்பையாவை நடுவில் உட்கார வைத்தார்கள். அத்தை வழியில் அவர் மச்சான் முறை, மரியாதை பலமாக இருந்தது. நான் வழக்கம்போல ஓரமாக, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். சுப்பையா உள்ளேயிருந்து சாம்பார் வாளியோடு வந்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வாளியை என் கையில் கொடுத்துவிட்டு, "வேட்டிய மடிச்சுக் கட்டுங்கண்ணே, சாம்பார்ல பட்ரும்" என்றார்.

நான் கால்சட்டை போட்டிருந்தேன். மடிக்க ஒன்றுமில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டேன்.

கருப்பையாவின் இலைக்கு முன்னால் குனிந்தேன். பரிமாறிப் பழக்கமில்லாத கை. கரண்டி சாய்ந்தது. சாம்பார் சோற்றை உடைத்துக்கொண்டு, இலை ஓரத்தைத் தாண்டி, அவர் வேட்டி வரைக்கும் ஓடியது.  கருப்பையா வேட்டியைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாலு நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அவர் முகத்தில் வந்து சேர்ந்தது.

"ஏன் மச்சான், கரண்டியில ஊத்துறீங்களா, இல்ல கண்மாயத் தொறந்து விட்டீகளா? பினாங்குல எல்லாரும் நீச்சலடிச்சுத்தான் சாப்புடுவாகளோ!"

கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்து, மறுபடியும் சிந்தி, மறுபடியும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வளைகாப்புக் கேலியையும் அப்போது அவர் விடவில்லை.

கையைக் கழுவிவிட்டு யாழினியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னப்பா ஆச்சு?" என்றாள், மூச்சு விடாமல்.

"எல்லார் முன்னாலயும் கருப்பையா என்னைக் கேலி பண்ணிட்டாரும்மா."

அவளுக்குப் புரியவில்லை. "ஏம்ப்பா, என்ன சொன்னார்?" என்று கலங்கிப்போய்க் கேட்டாள். பக்கத்தில் நின்றிருந்த பிரபுவுக்குத்தான் புரிந்தது. "மச்சான்னு சொன்னாராங்க? மச்சான்னு சொல்லியா கேலி பண்ணாரு?" என்று அவளைத் தாண்டி அவன் போட்ட கூச்சல், தொலைபேசியை நான் காதிலிருந்து எடுத்த பிறகும் அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.